பிள்ளைகளுக்கு ஃபுட்பால் கோச்: பழைய ஆட்டக்காரரா, பி.டி. சாரா, லைசென்ஸ் தம்பியா?

போன மே மாதம் எங்கள் பகுதிப் பெற்றோர் 14 பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு ஃபுட்பால் கோச் தேட ஆரம்பித்தோம். கிருஷ்ணகிரியில் கபடிக்கும் வாலிபாலுக்கும் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். கிரிக்கெட்டைச் சொல்லவே வேண்டாம். ஃபுட்பால் என்று வாயைத் திறந்தால் ஓசூர் பக்கமும் பெங்களூர் பக்கமும்தான் கையைக் காட்டினார்கள். எங்கள் கணக்கில் 22 பிள்ளைகள். சின்னவனுக்கு 7 வயது, பெரியவளுக்கு 14. அந்தப் பெரியவள் என் மகள்.

தேடியதில் நாலு வழி தெரிந்தது. ஒன்று, பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் அணிக்கு ஒன்பது வருடம் ஆடிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்த ஒரு பெரியவர். வயது 52. இரண்டாவது, பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். மூன்றாவது, கோச்சுகளுக்கான தொடக்கநிலைச் சான்றிதழான டி லைசென்ஸ் முடித்த 24 வயதுத் தம்பி. ஓசூரில் இருந்து பைக்கில் வருவதாகச் சொன்னார். நாலாவது, இங்கே கோச்சே வேண்டாம், வாரக் கடைசியில் வேன் பிடித்து பெங்களூர் அகாடமிக்கு அனுப்பிவிடலாம் என்பது.

முதல் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பெரியவர் பக்கம். “ஆடினவருக்குத் தெரியாதது மத்தவங்களுக்கு என்னங்க தெரிஞ்சிடப் போகுது?” என்று ஒருவர் கேட்டதும் பேச்சே முடிந்த மாதிரி இருந்தது. நானும் அப்போது தலையாட்டினேன். ஆறு மாதம் மைதான ஓரத்தில் நோட்டும் பேனாவுமாக நின்ற பிறகு என் பதில் மாறிவிட்டது. பாதி மாறியது என்று சொல்வதுதான் சரி.

நம்மூரில் ‘புரொஃபஷனல்’ என்றால் யார்?

ஐரோப்பாவில் ஒருவரை முன்னாள் தொழில்முறை வீரர் என்றால் குழப்பம் இல்லை. கிளப் சம்பளம் கொடுத்தது, அவர் ஆடினார். நம் கதை வேறு. நாடு தழுவிய தேசிய லீக் இங்கே வந்ததே 1996ல்தான். அது 2007ல் ஐ-லீக் ஆனது. ஐ.எஸ்.எல். எனும் இந்தியன் சூப்பர் லீக் 2014ல் வந்தது. அதனால் இன்றைக்கு ஐம்பதைத் தாண்டிய ஆட்டக்காரர்களில் நிறையப் பேர் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். சென்னையில் இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே. பெங்களூரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., ராணுவத்தின் எம்.இ.ஜி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, காலையில் பிராக்டிஸ், அப்புறம் ஆபீஸ். சம்பளச் சீட்டில் கிளார்க் என்று இருக்கும். சனிக்கிழமை மேட்சில் எதிரணி ஃபார்வர்டைத் துரத்திக்கொண்டிருப்பார். இவர்களைப் புரொஃபஷனல் இல்லை என்று தள்ளுவது அநியாயம்.

கேரளத்தின் மலபார் பக்கம், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் மேட்சுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆடியவர்களும் உண்டு. ஆனால் இரண்டு வாரம் ஒரு கிளப்பின் டிரையலுக்குப் போய்விட்டு வந்து, விசிட்டிங் கார்டில் ‘எக்ஸ் பிளேயர்’ என்று போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் வந்தார். எந்த வருடம் ஆடினீர்கள் என்று கேட்டதும் பேச்சை யூனிஃபார்ம் விலைக்குத் திருப்பிவிட்டார்.

எந்த அணி, எந்த வருடங்கள், எந்த இடத்தில் ஆடினார், ஏன் நிறுத்தினார் என்ற நாலையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கேட்டுவிடலாம். உண்மையாக ஆடியவர்கள் தோற்ற மேட்சையும் சேர்த்துச் சொல்வார்கள். எங்கள் பெரியவர் முதலில் சொன்ன கதையே, தன் அணிக்கு எதிராகவே தான் போட்ட சேம்சைடு கோலைப் பற்றியது.

பெரியவரிடம் கண்டது

முதல் நாள் அவர் சாதாரண கேன்வாஸ் ஷூவோடு வந்தார். யாரோ உதைத்த பந்து மேலிருந்து செங்குத்தாக இறங்கியது. பேசிக்கொண்டே காலை நீட்டினார். பந்து ஷூ மேலே ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் தரைக்கு வந்தது. பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சொன்னால் வேதவாக்கு. மற்ற கோச்சுகள் மூன்று மாதம் பாடுபட்டுச் சேர்க்கிற மரியாதையை அவர் மூன்று நொடியில் சேர்த்துவிட்டார்.

அவர் கண் வேறு மாதிரிக் கண். என் மகள் மிட்ஃபீல்டில் நிற்பவள். பந்து வாங்கித் திரும்புவதற்குள் யாராவது வந்து பிடுங்கிவிடுவார்கள். அவளுக்கு வேகம் போதவில்லை என்று நான் நினைத்திருந்தேன். பெரியவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “பந்து வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ தோளுக்குப் பின்னால பாரும்மா. வாங்கும்போது உடம்ப முழுசா பந்துக்குக் காட்டாத, பாதி திறந்து வையி” என்றார். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் அவள் ஆட்டமே மாறிவிட்டது. இந்த மாதிரிச் சின்ன விஷயத்தைப் பிடிக்க ஆயிரம் மேட்ச் ஆடிய கண் வேண்டும். எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் அவ்வளவு சீக்கிரம் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பொய் நம்பிக்கை தரவில்லை. “என்கூட டிரையலுக்கு வந்ததுல நாலு பேருக்குத்தான் வேல கெடச்சிது. ரெண்டு பேரு முட்டி போயி இருபத்தஞ்சு வயசுல நின்னுட்டாங்க. படிப்ப விடச் சொல்லாதீங்க” என்று அப்பாக்களிடம் நேராகச் சொன்னார்.

சரி, இனி மறுபக்கம்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் அவர் தடுமாறினார். “எப்படி மாஸ்டர் பந்த நிறுத்துறது?” என்று ஒரு வாண்டு கேட்டான். “இப்படித்தான்” என்று செய்து காட்டினார். “எப்படி?” மறுபடி செய்து காட்டினார். நம் வீட்டுப் பாட்டிகளிடம் குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்டால் “ஒரு கை அளவு” என்பார்களே, அதே கதை. நாற்பது வருடம் உடம்புக்குள் ஊறிப்போனதைப் பிரித்துச் சொல்ல வாய்க்கு வருவதில்லை. ஆட்டம் தெரியாததால் வந்த குறை இல்லை இது. ரொம்பத் தெரிந்ததால் வந்தது.

அப்புறம் ரவுண்டு. வந்ததும் மைதானத்தைப் பத்து சுற்று. பிறகு ஒரே வரிசை. ஒவ்வொருவராக வந்து ஒரு ஷாட், மறுபடி வரிசைக்கடைசி. பிறகு பெரிய மைதானத்தில் பதினொருவருக்குப் பதினொருவர். நான் ஒரு நாள் ஒரு எட்டு வயதுப் பையனை மட்டும் பார்த்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் பந்து அவன் காலில் பட்டது 19 தடவை. மற்ற நேரமெல்லாம் நின்றான், ஓடினான், வேலியோரம் ஓணான் பார்த்தான்.

மூன்றாவது வாரத்தில் இரண்டு பிள்ளைகள் குதிகால் வலிக்கிறது என்றார்கள். பெரியவர் “ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்” என்றார். டாக்டர் வேறு சொன்னார். வளரும் வயதில் குதிகால் எலும்பின் நுனி இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். பின்னங்கால் தசைநார் அதை இழுத்துக்கொண்டே இருந்தால் அங்கே வலி கிளம்பும். எட்டிலிருந்து பதினாலு வயதுக்குள் இது சாதாரணமாக வருவதுதான், பெயர் சீவர்ஸ். வைத்தியம், ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுப்பது. முழங்காலுக்குக் கீழே மேடு தட்டி வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டரும் இதே இனம். பெரியவர் காலத்தில் இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

தலையால் முட்டும் பயிற்சியும் அப்படியே. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015லேயே 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ஹெட்டிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்து 2020ல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் அதை நிறுத்தச் சொன்னது. இங்கே வளர்ந்தவர்கள் ஆடும் அஞ்சாம் நம்பர் பந்தை, அதுவும் மழையில் நனைந்து கனத்ததை, ஒன்பது வயதுப் பையன்கள் வரிசையாக முட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயது வரை நாலாம் நம்பர் பந்துதான், எட்டு வயதுக்குள் மூன்றாம் நம்பர்தான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பெரியவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

திட்டுவதையும் சொல்லிவிடுகிறேன். “எங்க மாஸ்டர் எங்கள எப்படி வாங்கு வாங்குனாரு தெரியுமா?” என்று அவர் பெருமையாகத்தான் சொல்வார். அப்படி வாங்கியும் தாக்குப்பிடித்து நின்ற ஒருவர்தான் நம் முன்னால் நின்று பேசுகிறார். தாங்காமல் போனவர்கள் பேசுவதற்கு இங்கே இல்லை. ஜூலையில் மூன்று சின்னப் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பெரிய கிளப்புகளில் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. இத்தாலியக் கோச் அரிகோ சாக்கி தொழில்முறையாக ஆடியதே இல்லை, ஷூ வியாபாரத்தில் இருந்தவர், ஏ.சி. மிலானுக்கு 1989, 1990 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஜெர்மன் கோச் நாகல்ஸ்மன் காயத்தால் இருபது வயது வாக்கிலேயே ஆட்டத்தை விட்டு, இளையோர் அணிகளில் கோச்சாக இருந்து, 28 வயதில் ஹோஃபன்ஹைம் கிளப்பின் முதல் அணியை எடுத்தார். மறுபக்கம், ஸ்டீவன் ஜெரார்டு ஓய்வுக்குப் பிறகு 2017ல் லிவர்பூலின் 18 வயதுக்குட்பட்டோர் அணியில் இருந்துதான் பாடத்தைத் தொடங்கினார். நெதர்லாந்தின் ஆயாக்ஸ் கிளப்பில், அதன் பழைய நட்சத்திரம் யோஹன் கிரைஃப் சொன்னபடி பழைய வீரர்களை இளையோர் அகாடமிக்குள் கொண்டுவந்தார்கள். விம் யோங்க், டென்னிஸ் பெர்க்காம்ப் எல்லாம் அப்படி வந்தவர்கள். தமிழ்நாட்டில் இந்தியன் பேங்க்கிற்கு ஆடிய சபீர் பாஷா, பிற்பாடு ஐ.எஸ்.எல். அணியான ‘சென்னையின் எஃப்.சி.’யின் பயிற்சிக் குழுவுக்கு வந்தார்.

ஜெரார்டின் கதையில் எனக்குப் பிடித்தது அந்த 18 என்ற எண். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரை லிவர்பூல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் அனுப்பவில்லை. கிட்டத்தட்ட ஆட்டக்காரர்களாகவே ஆகிவிட்டவர்களிடம் அனுப்பியது.

சின்னப் பிள்ளைகளுக்கான ஆட்டத்தைப் பற்றி ரொம்ப யோசித்தவர்களில் ஒருவர் ஹார்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியர். ஹாக்கியில் இருந்து வந்தவர்! மூன்று பேருக்கு மூன்று பேர், நாலு சின்ன கோல் போஸ்ட் என்று அவர் அமைத்த ஆட்டத்துக்கு ஃபுனினோ என்று பெயர். இரண்டு கோலுக்குப் பதில் நாலு இருந்தால் பிள்ளை தலையைத் தூக்கி எந்தப் பக்கம் காலி என்று பார்த்தே ஆக வேண்டும். பெரியவர் என் மகளிடம் வாயால் சொன்னதை இந்த ஆட்டம் சொல்லாமலே செய்ய வைக்கிறது.

பி.டி. சார்

இவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிள்ளைகளைக் கையாள்வதில் மூன்று பேரிலும் இவரே கெட்டிக்காரர். உடற்கல்விப் படிப்பு படித்தவர், முதலுதவி தெரியும், மைதான அனுமதி யாரிடம் வாங்க வேண்டும் என்றும் தெரியும். குறுவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை எல்லாவற்றுக்கும் பேர் கொடுப்பது இவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் பார்த்தவர் அடிப்படையில் வாலிபால்காரர். அதோடு தடகளம், கோ-கோ, ஆண்டு விழா டிரில், பரீட்சை வேலை, தேர்தல் வேலை எல்லாம் அவர் தலையில். தன் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளிப் பிள்ளைகளுக்கு நேரம் கேட்பதும் முறையில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஃபுட்பாலில் ஈடுபாடுள்ள பி.டி. சார் இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம் என்றே சொல்வேன். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

லைசென்ஸ் தம்பி

முதலில் அந்தக் காகிதம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் கீழ்ப் படிகளில் ஒன்று. அதற்கு மேலே ஆசியச் சம்மேளனத்தின் சி, பி, ஏ, கடைசியில் புரோ. டி என்பது சில நாள் வகுப்பும் மைதானத் தேர்வும் கொண்ட படிப்பு. பிள்ளைகளுக்கும் தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதற்கான அடிப்படை. டிரைவிங் ஸ்கூல் எல் போர்டு மாதிரி. வண்டியை எடுக்கத் தெரியும், தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே எப்படி ஓட்டுவார் என்பது தனி விஷயம்.

தம்பி வந்த முதல் நாள் பெற்றோருக்கு முகமே சுருங்கிவிட்டது. ரவுண்டு இல்லை, வரிசை இல்லை, விசில்கூட அதிகம் இல்லை. மைதானத்தைக் கோன் வைத்து நாலு துண்டாக்கினார். ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு இரண்டோ மூன்றுக்கு மூன்றோ. “இது வெறும் விளையாட்டுதானே, கோச்சிங் எங்க?” என்று ஒரு அப்பா என் காதில் முணுமுணுத்தார். நான் அதே எட்டு வயதுப் பையனை எண்ணினேன். நாற்பது நிமிடத்தில் 150ஐத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஓணான் பக்கம் அவன் திரும்பவே இல்லை. சம்மேளனம் 2018ல் தொடங்கிய பேபி லீக்கும் இதே யோசனைதான்: சின்ன இடம், குறைந்த ஆட்கள், எல்லோர் காலிலும் பந்து.

இன்னொன்றும் கவனித்தேன். முதல் வாரமே எல்லோருடைய பிறந்த மாதத்தையும் எழுதி வாங்கினார். வயதுப் பிரிவு ஜனவரி 1ஐ வைத்துக் கணக்காகும். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஆனால் எட்டு வயதில் பதினோரு மாதம் என்பது சுமார் இரண்டு அங்குல உயரம். பெரியவர் முதல் அணிக்கு எடுத்த ஏழு பேரும் உயரமானவர்கள். தம்பி நோட்டைப் பார்த்துவிட்டு, “இவன் நவம்பர்ல பொறந்தவன், விட்டுடக் கூடாது சார்” என்று ஒரு குட்டைப் பையனைக் காட்டினார். (பிறந்த தேதியைத் திருத்திவிடலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு: மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கும் முறை சம்மேளனத்தின் போட்டிகளில் உண்டு.)

குறை இல்லாமல் இல்லை. பெரிய பிள்ளைகள் அவரை அண்ணா என்று கூப்பிட்டு அண்ணனாகவே நடத்தினார்கள். இடது காலால் ஒரு கிராஸ், அதாவது ஓரத்தில் இருந்து கோல் முன்னால் தூக்கிப் போடும் பந்து, போட்டுக் காட்டுங்கள் என்று ஒருவன் கேட்டான். போட்டார், பந்து பங்க மரத்துக்குப் போனது. காலேஜ் அணியோடு நின்றவர். பதினாலு வயதுக்காரர்களுக்கு எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று காட்ட அவருக்கு நேரம் பிடிக்கிறது. பெங்களூரில் நல்ல வேலை கிடைத்தால் போய்விடுவார், போகவும் வேண்டும். காகிதம் இருப்பதாலேயே ஆள் நல்லவர் என்றும் இல்லை. இவருக்கு முன் நாங்கள் பார்த்த இன்னொரு லைசென்ஸ்காரர் ஒரு மணி நேரமும் போனில் இருந்தார்.

பெங்களூர் வேன்

கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர். நமக்கு ரயிலும் கிடையாது. தர்மபுரிக்காரர்கள் இன்னும் 45 சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்கு அத்திப்பள்ளி நெரிசலையும் சேர்த்து ஐந்து மணி நேரம் வண்டியில் உட்காரும் எட்டு வயதுப் பிள்ளையை நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கிறது. அல்சூர்ப் பக்கம் கவுதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்து, தமிழ் பேசிக்கொண்டே பந்தாடும் பிள்ளைகளைப் பார்க்க ஒரு நாள் கூட்டிப்போங்கள், அது வேறு.

அகாடமிகளில் ஒரு சூட்சுமம் உண்டு. போர்டில் இருக்கும் நட்சத்திர வீரரின் பேர் ஒன்று, மைதானத்தில் உங்கள் பிள்ளைக்கு எதிரே நிற்பவர் வேறு. அவரும் நம் தம்பி மாதிரி ஒரு டி லைசென்ஸ்காரராகவே இருக்கலாம். 90 கிலோமீட்டர் போவதற்கு முன் அவர் யார் என்று கேளுங்கள். பதினாலுக்கு மேல், தினமும் தானாக எழுந்து ஓடுகிற பிள்ளை, இங்கே எதிர்த்து ஆடச் சமமான ஆள் இல்லை என்ற நிலை வந்தால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம்.

நாங்கள் செய்தது

ஆகஸ்டில் பிள்ளைகளைப் பிரித்தோம். பத்து வயது வரை தம்பி, வாரம் இரண்டு நாள், நாலாம் நம்பர் பந்தோடு. ரொம்பச் சின்னவர்களுக்கு மூன்றாம் நம்பர். பதின்மூன்றுக்கு மேல் பெரியவர். நடுவில் உள்ளவர்களுக்குத் தம்பி நடத்துவார், சனிக்கிழமை பெரியவர் வந்து அரை மணி நேரம் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு விஷயம் சொல்வார். ஒன்றுக்கு மேல் சொல்லக் கூடாது என்பது தம்பி போட்ட கட்டளை; பெரியவருக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ரவுண்டுக்குப் பதில், பெரிய பிள்ளைகளுக்கு ஃபிஃபாவின் லெவன் பிளஸ் வார்ம்-அப், 20 நிமிடம். யார் நடத்தினாலும் பெற்றோரில் ஒருவர் மைதானத்தில் இருக்க வேண்டும், தனியாக எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம். இதில் கோச் எவ்வளவு நல்லவர் என்ற கேள்வியே எழக் கூடாது.

நீங்கள் ஒருவரை மட்டும்தான் வைக்க முடியும் என்றால், பிள்ளைகளின் வயதைப் பாருங்கள். பெரும்பாலோர் பன்னிரண்டுக்குள் என்றால் நான் தம்பியைத்தான் எடுப்பேன், பெரியவர் இந்தியாவுக்கே ஆடியிருந்தாலும். வளர்ந்த பிள்ளைகள் என்றால் பெரியவர். ஆடியவர், அதற்குப் பிறகு சொல்லிக்கொடுக்கவும் உட்கார்ந்து படித்தவர் என்று ஒருவர் கிடைத்தால் பேரம் பேசாதீர்கள்.

எங்கள் பெரியவரையும் டி லைசென்ஸ் எழுதச் சொல்லிக் கேட்டோம். “இந்த வயசுல எனக்கு பரீட்சையா?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து, அதற்கு என்ன செலவாகும் என்று தம்பியிடம் தனியாக விசாரித்திருக்கிறார். நிறுத்திப்போன மூவரில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மாங்கனிக் கண்காட்சி நேரத்தில் மைதானத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. என் மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் அனுப்புவதா என்பதும் முடிவாகவில்லை. அடுத்த மாதம் அங்கே போய் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரப் போகிறோம். நோட்டும் பேனாவும் பையில் இருக்கிறது.